எது வரைக்கும் நடிப்பு

நடிக்க வருகிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது கண்ணீரைப் பற்றித்தான். கிளிசரின் போடாமல் எப்படி அழுவது, அழுதுகொண்டே வசனம் தெளிவாக வர என்ன செய்வது, நாலாவது டேக்கிலும் எப்படிக் கண்ணீர் வற்றாமல் வைத்துக்கொள்வது. எல்லாம் பழக்கம்தான், சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால், என் கண்ணீரை யாருமே நம்பாமல் போன ஒரு நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேமரா முன்னால் நிற்பதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த நாளில் இருக்கிறது.

அப்போது நான் ஒரு சீரியலில் கதாநாயகியின் அம்மா. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் சென்னையில் ஷூட்டிங், மீதி நாள் தர்மபுரியில் எங்கள் வீடு. அந்த அம்மாவுக்கு வேலையே அழுவதுதான். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுப் பெண்கள், “ஏங்க்கா, நீங்க எப்பதான் சிரிப்பீங்க?” என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் மாதையன் சீரியல் பக்கமே வரவில்லை. இருபது முப்பது வருடம் இரண்டு பேரும் ஒன்றாக மேடை ஏறியவர்கள். எனக்கு டிவியில் வாய்ப்பு வந்தபோது, “நீ போ ருக்கு. எனக்கு எதிர்ல சனம் உக்காந்திருந்தாதான் வாய் வரும்” என்று சொல்லிவிட்டார். அவர் சின்ன நாடகக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். குடிகாரன் வேஷம் கட்ட இந்தப் பக்கத்தில் அவரைப் போல ஆள் கிடையாது. ஆனால் ஒரு சொட்டு குடித்ததில்லை. அவர் அப்பா குடித்தே போனவர். அந்த நடை, அந்தக் குழறல், திடீரென்று வரும் பாசம், அடுத்த நிமிடம் வரும் கோபம், எல்லாவற்றையும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே பார்த்துப் பயந்தவர். பயந்ததைத்தான் பிறகு நடித்தார்.

அன்றைக்குக் குடி ஒழிப்பு விழிப்புணர்வு நாடகம். காலையில் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் ஒருமுறை போட்டோம். அடுத்து மதியத்துக்கு முன் மாரண்டஹள்ளி சந்தைத் திடல். பெண்கள் சுயஉதவிக் குழு ஏற்பாடு. குழுத் தலைவி சிவகாமி முன்வரிசையில் நின்று எல்லாவற்றையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஷூட்டிங் மறுநாள்தான் என்பதால் மனைவி வேஷத்துக்கு நானே வந்திருந்தேன். டிவியில் வருகிறவள் நேரில் வந்திருக்கிறாள் என்று கூட்டம் நெரிந்தது. தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட மினி லாரி மேலேயே உட்கார்ந்து பார்த்தார்கள்.

முதல் காட்சியில் அவர் குடிக்காத இளம் தகப்பன். பிள்ளைக்குத் தூளி கட்டுவார். இரண்டாவது காட்சியில் பாட்டிலோடு தள்ளாடி வருவார். பாட்டில் ஒயின்ஷாப் பக்கம் பொறுக்கியது. யாரோ சரியாகக் கழுவாமல் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதை அவர் வழக்கம்போல நெஞ்சில் சரித்துக்கொண்டதில் சட்டையெல்லாம் சாராய வாடை. இரண்டடி தள்ளி நின்ற எனக்கே குமட்டியது.

பாட்டில் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. கூட்டம் சிரித்தது. அது நாடகத்தில் இல்லை. ஆனால் அவர் மேடையில் புதிது புதிதாக எதையாவது செய்கிறவர், அதனால் நான் அடுத்த வசனத்துக்குப் போனேன். “இந்த வூட்டுல அரிசி இருக்குதா, பருப்பு இருக்குதா, எதுன்னா தெரியுமாய்யா உனக்கு?” அதற்கு அவர், “என் வூட்டுல நான் ராசாடி” என்று மார்தட்ட வேண்டும்.

“என் வூ...” என்றார். “வூ... வூ...”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மினி லாரி மேலிருந்து ஒருவர் விசிலடித்தார்.

மேடையில் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசவே மாட்டார். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று நெற்றியைத்தான் பார்ப்பார். அன்றைக்கு நேராக என் கண்ணைப் பார்த்தார். வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. ஆனால் அந்த வேஷத்துக்கு வாயைக் கோணலாகக் காட்ட மை தீட்டியிருந்தோம். எது மை, எது வாய் என்று எனக்கே தெரியவில்லை.

வேஷத்தை விடாமல் கேட்டேன்: “எங்க, ரெண்டு கையையும் தூக்கு பாக்கலாம், ராசா!”

இடது கை எழுந்தது. வலது கை துணிபோலத் தொங்கியது. அதற்கும் சிரிப்பு.

“யாராச்சும் வந்து புடிங்க” என்றேன். கைதட்டினார்கள். மைக்கைப் பிடித்து, “இது நாடகம் இல்லீங்க, நெசமா இவருக்கு ஒடம்பு சரியில்ல” என்று கத்தினேன். என் குரல் உடைந்தது, கண்ணீர் கொட்டியது. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். டிவியில் பார்த்த அழுகையை நேரில் பார்க்கிறார்களே. முன்வரிசையில் ஒரு அம்மாள் என்னோடு சேர்ந்து அழவே தொடங்கிவிட்டார், ஆனால் எழுந்து வரவில்லை. இன்னும் எத்தனை உருக்கமாகக் கத்தினாலும் அதுவும் வசனமாகத்தான் போய்ச்சேரும் என்று அந்த நொடியில் புரிந்தது.

ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். ஸ்பீக்கர் ஒருமுறை அலறிவிட்டு அடங்கியது. பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரை இடுப்போடு சேர்த்து அணைத்துத் தரையில் உட்காரவைத்தேன். பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நான் காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஓடிவந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “மோரு குடுங்க, தெளிஞ்சிரும்.” “வலிப்புங்க, கையில சாவியக் குடுங்க.” ஒருவர் சோடாவை உடைத்து வாயருகில் கொண்டுவந்துவிட்டார். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று எப்போதோ கேட்டது மட்டும் நினைவில் இருந்தது. அவர் வாயை என் கையால் மூடிக்கொண்டேன். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டார்கள். வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்று பதில் வந்தது. எங்கள் வேன் பக்கத்திலேயே நின்றது. தப்பட்டை அடிப்பவரும் வேன் ஓட்டுபவருமான பெருமாள் என் முகத்தைப் பார்த்தார்.

“காத்திருக்கலாமாக்கா?”

“வேணாம். எடு வண்டிய.”

சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சிவகாமியும் தானாக ஏறிக்கொண்டார். வேனில் என் வீட்டுக்காரர் தலை என் மடியில். பேச முயன்றார், காற்றுதான் வந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் மூச்சு நின்றுவிட்டதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன்.

வழியில் முதலில் கண்ணில் பட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நிறுத்தினோம். ஊரும் பேரும் வேண்டாம். வாசலில் இருந்த ஆள் கிட்டே வந்தார், வாடை அடித்ததும் பின்னால் போனார்.

“குடிச்சிட்டு வந்தா இங்க சேக்க முடியாதுங்க. அந்த மரத்தடியில உக்கார வைங்க, தெளியட்டும்.”

“அவரு குடிக்கிறவரு இல்லீங்க” என்று கதறினேன். அந்த வாசல் ஆள் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நீங்க அந்த சீரியல்ல வர்ற அம்மாதானே? அப்படியே இருக்கீங்க! அழுவுறதுகூட அதே மாதிரி.”

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் செல்போனைத் தூக்கினாள். நான் நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போனேன். கை பாதியில் நின்றது. அந்தக் கையைச் சீரியலில் எத்தனை முறை அப்படித் தூக்கியிருக்கிறேன்! என் உண்மையான துக்கத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள வேறு உடுப்பே இல்லை. இருந்ததையெல்லாம் ஏற்கனவே ஊருக்குக் காட்டிவிட்டேன்.

வேனுக்குத் திரும்பி ஏறினேன். அவர் சட்டையைக் கிழித்துக் கழற்றி வெளியே எறிந்தேன். தேங்காயெண்ணெய் மேக்கப் பெட்டியில் இருந்தது. முந்தானையில் ஊற்றி அவர் முகத்தை அழுத்தித் துடைத்தேன். தாடிக்குப் பூசிய கரி போனது, கண்ணடியில் போட்ட கறுப்பு போனது, வாயில் தீட்டிய மை போனது. எல்லாம் போன பிறகும் வாய் கோணியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை சுத்தமாக நின்றுவிட்டது.

கீழே இறங்கி உள்ளே போய், கண்ணில் பட்ட நர்ஸிடம், கடையில் சாமான் கேட்கிற குரலில் சொன்னேன்: “நாங்க நாடகக்காரங்க. குடிகாரன் வேஷம், வாடை சட்டையில இருந்துச்சு. சட்டைய கழட்டிட்டேன். பேசிட்டிருக்கும்போதே வாய் கோணிடுச்சு. வலது கை எழல. வந்து ஒருதரம் பாருங்க.”

அந்தப் பெண் வந்து பார்த்தாள். அவரைச் சிரிக்கச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள். அவ்வளவுதான். “பக்கவாதம்ங்க. இங்க ஸ்கேன் இல்ல. நிக்காம தர்மபுரிக்குப் போங்க, நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்” என்றாள். வாசலில் இருந்தவரும் ஓடிவந்து வேன் கதவைப் பிடித்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நாங்கள் இருவரும் அவ்வளவு நன்றாக நடித்திருந்தோம்.

தர்மபுரியில் ஸ்கேன் உடனே எடுத்துவிட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்; பெருமாளும் சிவகாமியும் கூடவே வந்தார்கள். “மூளையில ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான். கரைக்க ஊசி இருக்கு. ஆனா நோய் ஆரம்பிச்சு சில மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் தாண்டிப் போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால கடைசியா அவர் நல்லா இருந்தது எப்பன்னு எனக்குச் சரியாத் தெரியணும்” என்றார்.

மாரண்டஹள்ளியில் மேடையில் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற பெருமாள் முந்திக்கொண்டார்: “காலையில இருந்தே ஒரு மாதிரியாத்தாங்க இருந்தாரு. மொத நாடகம் முடிஞ்சு வேன்ல வரும்போது ஒரு வார்த்தை பேசல. கண்ண மூடிட்டே வந்தாரு.”

டாக்டரம்மாவின் முகம் மாறியது. “அப்ப காலையிலேயே ஆரம்பிச்சிருக்கலாமே? அப்படின்னா ஊசி போட முடியாதும்மா.”

இரண்டு நாடகத்துக்கு நடுவில் அவர் பேசவே மாட்டார், தொண்டையைக் காப்பாற்ற அவர் பழக்கம் அது என்று சொன்னேன். பெருமாள் குழுவுக்கு வந்து சில மாதங்கள்தான், அவருக்கு அது தெரியாது. டாக்டரம்மா நம்பாமல் இல்லை. ஆனால் அவருக்கு என் வார்த்தை மட்டும் போதாது. “மேடையில குழறித்தான் பேசினார்னு சொல்றீங்க. எதுல இருந்து எது வரைக்கும் நடிப்பு? அத எப்படிச் சொல்வீங்க?”

அப்போதுதான் சிவகாமி, “டாக்டரம்மா, எங்கிட்ட வீடியோ இருக்குதுங்க. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்” என்றார்.

நின்றபடியே அந்தச் சின்னத் திரையில் மூன்று பேரும் பார்த்தோம். பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார். போனில் கூட்டம் சிரிக்கிறது.

முதல் காட்சி. அவர் தூளி கட்டினார். இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார். பிள்ளைக்குப் பேர் வைப்பதைப் பற்றி நீளமாக ஒரு வசனம், ஒரு எழுத்து பிசகவில்லை.

“இங்க நல்லா இருக்காருங்க” என்றேன்.

இரண்டாவது காட்சி. தள்ளாடி வந்தார்.

“இது குழறுதே?” என்றார் டாக்டரம்மா.

“இது நடிப்புங்க. ரகரத்த மட்டும் இழுக்குறாரு பாருங்க. குடிகாரனுக்கு அதான் அவரு வெச்சிருக்கிற அளவு. இடது கால மட்டும்தான் தடுக்க விடுறாரு, வலது கால ஊனிக்கிறாரு.”

“சரி, ஓடட்டும்.”

“இதுவும் நடிப்பு... இதுவும்...”

பாட்டில் நழுவியது. சிரிப்பு. டாக்டரம்மா விரலால் நிறுத்தினார்.

“இது?”

பாட்டில் விழுவதற்கும் வசனம் திக்குவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான். ஆனால் நாங்கள் வழியில் வேறு நேரத்தைத் தொலைத்திருந்தோம். கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பது டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கும் விதத்திலேயே தெரிந்தது. பாட்டிலை அவர் வேண்டுமென்றே போட்டார், அதுவரை நன்றாகத்தான் இருந்தார் என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும். அந்த மிச்சத்திலேயே அவர் செத்தும் போகலாம்.

“வேணும்னு போட்டிருக்கலாங்க. அப்படிப் போடற ஆளுதான். ஆனா எனக்குத் தெரியாது. தூளி கட்டின வரைக்கும்தான் நான் சத்தியமா சொல்ல முடியும். ரெண்டு கையும் வேலை செஞ்சுது, வாயும் தெளிவா இருந்துச்சு. நீங்க நேரத்த அங்க இருந்து கணக்கு வெச்சுக்குங்க.”

டாக்டரம்மா போனில் வீடியோ பதிவான நேரத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் இருக்கு. போடலாம். ஆபத்து இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். சம்மதமாம்மா?”

சம்மதம் என்றேன். உள்ளே போய்விட்டார்கள். நான் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயம். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். மற்றவர் முகத்தைப் படிப்பதுதானே என் தொழில். அன்றைக்கு ஒரு முகத்தையும் படிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து சீரியல் மேனேஜர் ஃபோன். “அம்மா, நாளைக்குக் காலையில ஃபர்ஸ்ட் ஷாட் உங்களுதுதான். கெளம்பிட்டீங்களா?” விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பதறினார். பிறகு தயங்கித் தயங்கி, “எபிசோடு கையிருப்பு இல்லம்மா. நீங்க ரெண்டு நாள்ல வந்துட முடியுமா? இல்லைன்னா கதைய மாத்தச் சொல்லிடுவாங்க” என்றார். மாற்றிக்கொள்ளச் சொல்லி ஃபோனை வைத்தேன். அந்த வேலைக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தவள் நான். விடும்போது வலிக்கத்தான் செய்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து, “வலது கை விரல லேசா அசைக்கிறார்” என்றார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அழ மறந்துவிட்டேனோ என்றுகூடப் பயந்தேன்.

அவர் பிழைத்தார். கால் வந்துவிட்டது, கை முக்கால் வந்தது. பேச்சுதான் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு விநோதம் ஒன்று நடந்தது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாய் வராத மனிதருக்கு, நாடக வசனம் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. ஏதாவது ஒரு சொல் கிடைத்தால் போதும், ராஜா வேஷத்து வசனம் பக்கம் பக்கமாக ஓடும். மூளையில் மனப்பாடம் வேறு இடத்தில் இருக்கும், சொந்தப் பேச்சு வேறு இடத்தில் இருக்கும் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் சொன்னார். பசித்தால் பஞ்சத்தில் வாடும் குடிமக்களைப் பற்றி ராஜா பேசும் வசனத்தைச் சொல்வார், நான் தட்டை எடுத்துவருவேன். என் பேர் சொல்ல வராமல், நாடகத்து ராணியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார். வந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இனி இந்த வீட்டில் யாரோ எழுதிவைத்ததை மட்டும்தான் அவர் பேசப்போகிறாரா, அவருக்குள்ளே இருக்கிற ஆள் எங்கே போனார் என்று ராத்தூக்கம் போனது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். உங்கள் குழுவில் இது நாடகம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வசனத்திலும் வராத ஒரு சொல், ஒரு கையசைவு, எதுவானாலும் சரி. கூட நடிக்கிறவர் எந்தக் காலைத் தடுக்க விடுகிறார் என்று கவனித்து வையுங்கள். அழுகையை விற்கிற தொழிலில், விற்காத குரல் ஒன்றை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள். ஒருநாள் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அது தேவைப்படும்.

சீரியலில் கதையை மாற்றிவிட்டார்கள். நான் நடித்த அம்மாவை ஒரு விபத்தில் முடித்துவிட்டதாக மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். அந்த எபிசோடு வந்த அன்று ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வந்திருந்தாள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் டிவியைப் போட்டுவிட்டாள். அவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரை நிறைய என் போட்டோ. பொட்டு வைத்து, சந்தன மாலை போட்டு, முன்னால் விளக்கு ஏற்றியிருந்தார்கள். சீரியல் மகள் அதன் காலடியில் விழுந்து கதறினாள்.

“அப்பா பாக்கறாரு, நிறுத்துடி” என்றேன்.

அவர் முகம் வெளுத்திருந்தது. போட்டோவைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். உதடு துடித்தது. ராஜா வசனம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. வலது கையை இழுத்துக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பொய்யி” என்றார். மூச்சு வாங்கினார். “அது... பொய்யி. ருக்கு... இங்க... இருக்குறா.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பிடியை விடவில்லை. திரையில் அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன், மூக்கு ஒழுக, முகம் கோண, எந்த டைரக்டரும் ஓகே சொல்லாத ஒரு அழுகை.